அது குறட்டை அல்ல

தட்டை முக நாய்கள் தூங்கும்போது எழுப்பும் குறட்டையைக் கேட்டுச் சிரிக்காதவர்கள் குறைவு. 2003ஆம் ஆண்டில் வெளியான ஹட்ச் விளம்பரத்தில் ஒரு சிறுவனின் பின்னால் ஓடிய 'பக்' நாய், அந்த இனத்தைத் தெற்காசிய வீடுகளில் செல்லப்பிள்ளையாக்கியது. ஆனால் அந்தக் குறட்டை, மூச்சுக்காக அந்தப் பிராணி நடத்தும் போராட்டத்தின் ஒலி என்பதைப் பலர் அறிவதில்லை.

இலண்டனில் எனது உறவினர் ஒருவரின் பக் நாய்க்குச் சுவாசப்பாதைச் சத்திரசிகிச்சை நடந்தபோது, அதைப் பராமரித்த தாதியுடன் உரையாடும் வாய்ப்புக் கிடைத்தது. "வைத்தியரின் வேலை முடிந்த பிறகுதான் எங்களுக்கு அச்சம் ஆரம்பிக்கிறது" என்றார் அவர்.

காரணம் எளிமையானது. முகம் குறுக வேண்டுமென்று மனிதன் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுத்து இனவிருத்தி செய்தான். மண்டையோடு குறுகியது, உள்ளேயிருக்கும் தசை அந்த அளவுக்குக் குறுகவில்லை. மூக்குத் துவாரங்கள் வெறும் கீறல்களாகின. மென்னண்ணம் நீண்டு மூச்சுக்குழலின் வாயிலை மறைக்கிறது. நாய் தன் உடற்சூட்டைத் தணிப்பதே பெரும்பாலும் இளைப்பதனால்தான். எனவே வெயிலும் பதற்றமும்கூட இவற்றின் உயிரைப் பறிக்கலாம்.

சத்திரசிகிச்சையில் துவாரங்களை அகலமாக்கி, மென்னண்ணத்தின் மிகையான பகுதியை வெட்டி அகற்றுகிறார்கள். மயக்க மருந்து கொடுக்குமுன் சில நிமிடங்கள் ஒட்சிசன் கொடுத்து, நாய் பதறாமல் பார்த்துக்கொள்வது தாதியின் பொறுப்பு. கழுத்துப்பட்டிக்குப் பதிலாக மார்புப்பட்டியையே பயன்படுத்துகிறார்கள்.

மயக்கம் தெளியும் நேரமே மிகவும் ஆபத்தானது. நாய் தலையை உயர்த்தி, இனி வேண்டாமென்று தானே மறுக்கும்வரை தொண்டைக் குழாயைத் தாதி அகற்றுவதில்லை. மார்பு தரையில் படும்படி கிடத்தி, தலையைச் சற்று உயர்த்தி, நாக்கை முன்னே இழுத்து வைக்கிறார். வயிற்றிலிருந்து மேலெழுவது நுரையீரலுக்குள் போனால் நிமோனியா வரும். வீக்கம் பாதையை அடைத்தால் மீண்டும் குழாய் செலுத்தவோ, கழுத்தில் துளையிடவோ நேரலாம். அதற்கான கருவிகள் யாவும் கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். அதன்பின் பல மணி நேரம் அந்த மூச்சின் ஒலியைக் கேட்டுக்கொண்டிருப்பதே அவரது பணி.

பிரித்தானியக் கென்னல் கழகமும் கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகமும் 2019இல் ஒரு சுவாசத் தரப்படுத்தலை அறிமுகப்படுத்தின. நாயை மூன்று நிமிடம் ஓடவிட்டு, அதற்கு முன்னும் பின்னும் மூச்சைச் செவிமடுத்து, 0 முதல் 3 வரை தரம் குறிக்கிறார்கள். இத்தகைய குட்டியை வாங்க விரும்பும் வாசகர்கள், முகத்தின் அழகைப் பார்க்குமுன் அதன் தாய் தந்தையரின் மூச்சு எப்படியென்று கேளுங்கள்.