கண்ணாடிக் கூரையும் காத்திருப்பும்

கூரை என்பது மறைப்பதற்கென்றே தோன்றியது. வெயிலை மறைக்கவும் மழையைத் தடுக்கவும் மனிதன் ஓலை வேய்ந்தான், ஓடு அடுக்கினான், தகரம் பொருத்தினான். தோட்டப்புறத்து லயன் வீடுகளில் வளர்ந்தவர்களுக்குத் தகரக் கூரையின்மீது மழை பெய்யும் ஓசை இன்றும் நினைவில் நிற்கும். அந்தக் கூரையில் ஊசிமுனையளவு ஓட்டை விழுந்தாலும் அதை அடைத்த பிறகே குடும்பத் தலைவர் வேறு வேலை பார்ப்பார். வானம் தெரிந்தால் வீடு ஒழுகும் என்பது அக்காலத்து அறிவு.

இன்றோ வானம் தெரிய வேண்டும் என்பதற்காகவே கூரையைக் கண்ணாடியால் அமைக்கின்றனர். புதிய மகிழுந்துகள் பலவற்றில் முன்னிருக்கையிலிருந்து பின்னிருக்கை வரை ஒரே கண்ணாடிப் பரப்பாகக் கூரை விரிகின்றது. 'பனோரமிக் சன்ரூஃப்' என்பது அதன் வணிகப் பெயர். பின்னிருக்கையில் அமர்ந்த குழந்தை மேகத்தைப் பார்க்கிறது. நிலவு தன்னுடனேயே ஓடிவருவதாக எண்ணி மகிழ்கிறது. இதை வீண் ஆடம்பரம் என்று ஒதுக்கிவிட வேண்டியதில்லை. அழகுக்கும் வாழ்வில் இடம் உண்டு. ஆனால், அழகான பொருள் எதுவும் தன்னைப் பற்றிய அறிவை உடையவனிடம் எதிர்பார்க்கிறது. கண்ணாடிக் கூரையும் அதற்கு விலக்கன்று.

கண்ணாடி உடையும் பொருள் என்பதைக் குழந்தையும் அறியும். அப்படியிருக்க, அதைத் தலைக்குமேல் வைத்துக்கொண்டு நெடுஞ்சாலையில் மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் ஓடத் துணிவு எவ்வாறு வந்தது? அதற்குப் பின்னால் நீண்ட வரலாறு உண்டு.

உருகிய கண்ணாடியைக் குளிர்ந்த நீரில் சொட்டவிட்டால் வால் முளைத்த துளிகள் கிடைக்கும். 1660ஆம் ஆண்டில் ரூபர்ட் என்னும் இளவரசர் இத்தகைய துளிகளை இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்லசிடம் கொண்டுவந்தார். துளியின் தலையைச் சுத்தியலால் தட்டினாலும் அது தாங்கும். ஆனால், மயிர்போன்ற வாலைச் சற்றே ஒடித்தால் துளி முழுவதும் கண்ணிமைப்பதற்குள் பொடியாகிவிடும். நீர் பட்டவுடன் மேற்பரப்பு முதலில் இறுகிவிடுகிறது. உட்பகுதி பின்னர்க் குளிர்ந்து சுருங்க முயல்கிறது. இறுகிவிட்ட மேற்பரப்பு அதற்கு இடங்கொடுப்பதில்லை. வெளியே அழுத்தமும் உள்ளே இழுவிசையுமாக அந்தத் துளி காலமெல்லாம் ஒரு போராட்டத்தை அடக்கிக்கொண்டு கிடக்கிறது. அதன் வலிமைக்கும் அதன் அழிவுக்கும் காரணம் ஒன்றே.

இந்த உண்மையைத் தொழிலாக மாற்றியவர்களுள் பிரான்சு நாட்டவரான தெ லா பாஸ்தி குறிப்பிடத்தக்கவர். 1874இல் அவர் கண்ணாடியைக் கடினப்படுத்தும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். இன்று கண்ணாடித் தகட்டை 600 பாகை செல்சியசுக்கு மேல் சூடேற்றி, இருபுறமும் காற்றை விசையுடன் பாய்ச்சிக் குளிர்விக்கின்றனர். இவ்வாறு கடினப்படுத்திய கண்ணாடி சாதாரணக் கண்ணாடியைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு வலியது. உடைந்தால் கத்திபோன்ற துண்டுகளாகப் பிளவாமல் சிறு சிறு மணிகளாக உதிரும்.

மகிழுந்தின் முன்கண்ணாடி வேறு வகையைச் சேர்ந்தது. 1903ஆம் ஆண்டில் பெனடிக்டஸ் என்னும் பிரெஞ்சு வேதியியலாரின் ஆய்வுக்கூடத்தில் ஒரு குடுவை கீழே விழுந்தது. அது விரிசலுற்றதே தவிரச் சிதறவில்லை. உள்ளே காய்ந்து படிந்திருந்த ஒரு வேதிப்பொருளின் மெல்லிய படலம் துண்டுகளைப் பிடித்து வைத்திருந்தது. அந்த நிகழ்ச்சியிலிருந்து பிறந்த எண்ணத்திற்கு அவர் 1909இல் காப்புரிமை பெற்றார். இரு கண்ணாடிகளுக்கிடையே ஒரு படலத்தை வைத்து ஒட்டும் முறை அதிலிருந்து வளர்ந்தது. கூரைக் கண்ணாடிகள் இவ்விரு வகைகளிலும் வருகின்றன. தம் வண்டியிலுள்ளது எவ்வகை என்பதைக் கண்ணாடியின் மூலையில் பொறித்திருக்கும் சிற்றெழுத்துகளைக் கொண்டே உடையவர் அறிந்துகொள்ளலாம். அதைப் படித்துப் பார்ப்பவர்கள் மிகச் சிலரே.

கிள்ளான் வட்டாரத்துத் தமிழாசிரியர் ஒருவரும் அதைப் படித்துப் பார்த்ததில்லை. பள்ளிக்கு வெளியே நின்ற அங்சானா மரத்தின் நிழலில் அவர் நாள்தோறும் தம் மகிழுந்தை நிறுத்துவார். ஒரு திங்கட்கிழமை பிற்பகலில் காற்றும் மழையும் சேர்ந்து வந்தன. முற்றிய கிளையொன்று முறிந்து கூரையின்மேல் விழுந்தது. முன்பகுதிக் கண்ணாடியும் பின்பகுதிக் கண்ணாடியும் ஒருங்கே நொறுங்கின. பள்ளி விட்டு வந்த ஆசிரியர் கண்டது, இருக்கைகளின்மேல் கற்கண்டு கொட்டியதுபோல் கிடந்த கண்ணாடி மணிகளையும் அவற்றின்மேல் பெய்துகொண்டிருந்த மழையையும்தான்.

காப்புறுதி இருக்கிறதே என்பது அவருடைய முதல் ஆறுதல். அந்த ஆறுதல் பாதியே நிலைத்தது. மலேசியாவில் முழுக் காப்புறுதி எடுத்திருந்தாலும், புயல், வெள்ளம், நிலச்சரிவு போன்ற இயற்கைச் சீற்றங்களால் விளையும் சேதத்திற்கென்று தனியாகப் பாதுகாப்புப் பெற வேண்டும். கண்ணாடிக்கும் அவ்வாறே தனிப் பாதுகாப்பு உண்டு. அதற்கான கட்டணம் பெரும்பாலும் காப்புறுதி செய்யும் தொகையில் 15 விழுக்காடு. 2,000 வெள்ளிக்குக் காப்பு வேண்டுமாயின் ஏறத்தாழ 300 வெள்ளி. அதன்கீழ் இழப்பீடு பெறுவதால், இழப்பீடு கோராத ஆண்டுகளுக்குரிய கழிவும் குறைவதில்லை. ஆசிரியர் கண்ணாடிப் பாதுகாப்பு எடுத்திருந்தார். ஆனால், முன்கண்ணாடி ஒன்றின் விலையை எண்ணியே தொகையைக் குறித்திருந்தார். கூரைக்கு அது போதவில்லை. எஞ்சியதைச் சேமிப்பிலிருந்து எடுக்க வேண்டியதாயிற்று.

பட்டறையை நடத்தியவர் முப்பது வயதுக்குட்பட்ட இளைஞர். தொழிற்பயிற்சி நிலையத்தில் பயின்றவர். கண்ணாடியைப் பொருத்துவதுதான் வேலை என்று ஆசிரியர் எண்ணியிருந்தார். இளைஞரோ முதல் நாள் முழுவதையும் துப்புரவு செய்வதிலேயே கழித்தார். கூரைக் கண்ணாடி நகரும் ஓடுபாதையில் ஒரு மணி தங்கினாலும், பின்னர் அது இயங்கும்போது பொறியைக் கீறி முடக்கிவிடும். இருக்கைகளின் அடியிலும், காற்று வரும் துவாரங்களிலும், பாதுகாப்பு வார் புதையும் இடுக்குகளிலும் உறிஞ்சு கருவியைச் செலுத்தினார். கருவிக்கு எட்டாத இடங்களில் ஒட்டுத்தாளை அழுத்தி எடுத்தார்.

அடுத்து அவர் செய்தது ஆசிரியருக்கு வியப்பளித்தது. கூரையின் நான்கு மூலைகளிலும் இருந்த சிறு துளைகளைக் காட்டினார். கண்ணாடிக் கூரையைச் சுற்றியுள்ள ரப்பர் விளிம்பு மழைநீரை முற்றாகத் தடுப்பதில்லை. ஓரளவு நீர் உள்ளே கசியத்தான் செய்யும். அந்த நீர் ஒரு வாய்க்காலில் தேங்கி, அத்துளைகளின் வழியே மெல்லிய குழாய்களில் இறங்கி, வண்டிக்கு அடியில் வெளியேறும். இலையும் தூசியும் சேர்ந்து குழாய் அடைபட்டால் நீர் உட்கூரைத் துணியை நனைக்கும். மரத்தடியில் நின்ற வண்டியாதலால் இரண்டு குழாய்கள் பாதி அடைபட்டிருந்தன. காற்றை விசையுடன் செலுத்தினால் குழாய் உள்ளே கழன்றுவிடும் என்று கூறி, வளையும் மெல்லிய கம்பியொன்றினால் அவற்றைப் பொறுமையாகத் தூர்வாரினார். வாங்கிய நாள்முதல் அந்தக் குழாய்கள் இருப்பதே ஆசிரியருக்குத் தெரியாது.

புதிய கண்ணாடிகள் வந்துசேர வெள்ளிக்கிழமை ஆயிற்று. நகரும் முன்கண்ணாடியைத் திருகாணிகளால் பொருத்தினார். நகராத பின்கண்ணாடியைப் பசையினால் ஒட்ட வேண்டும். பழைய பசையைச் சீவி, பரப்பைத் துடைத்து, பூச்சிட்டு, ஒரே சீரான கோடாகப் பசையை இட்டுக் கண்ணாடியைப் பதித்தபோது மாலை ஆறு மணி.

அன்றைய அவசரம் ஆசிரியருக்குப் பெரிது. அவருடைய மகள் மறுநாள் காலையில் ஈப்போவிலுள்ள ஆசிரியர் கல்விக் கழகத்தில் பதிந்துகொள்ள வேண்டும். பெட்டிகள் கட்டி வைத்தாயிற்று. மகளும் பட்டறைக்கு உடன் வந்திருந்தாள். இரவே புறப்பட்டுவிட வேண்டும் என்பது திட்டம்.

"நாளை நண்பகலில்தான் வண்டியைக் கொடுக்க முடியும், ஐயா" என்றார் இளைஞர்.

"தம்பி, ஓரத்தைத் தொட்டுப் பார்த்தேன். பசை காய்ந்துவிட்டதே! மெதுவாகவே ஓட்டிச் செல்கிறேன்."

"காய்ந்திருப்பது மேல்தோல் மட்டும் ஐயா. இது காற்றின் ஈரத்தை வாங்கி வெளியிலிருந்து உள்நோக்கி இறுகும் பசை. உள்ளே இன்னும் களிபோல்தான் இருக்கும். சீக்கிரம் இறுகும் பசைகளும் உண்டு. இது அந்த வகை அன்று. உறையில் நேரம் குறித்திருக்கிறது, பாருங்கள். வண்டி விரைந்து ஓடும்போது காற்று கூரையை மேல்நோக்கி இழுக்கும்."

"முழுத் தொகையையும் இப்பொழுதே தந்துவிடுகிறேன். ஏதேனும் நேர்ந்தால் பொறுப்பு என்னுடையது என்று எழுதியும் தருகிறேன்."

இளைஞர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு தாழ்ந்த குரலில், "தாங்கள் எழுதித் தருவீர்கள், ஐயா. தங்களுக்குப் பின்னால் மோட்டார் சைக்கிளில் வருபவர் எழுதித் தரவில்லையே" என்றார்.

ஆசிரியருக்குச் சினம் மூண்டது. இனி இந்தப் பட்டறையின் வாசலை மிதிப்பதில்லை என்று சொல்லும் அளவுக்கு அது வளர்ந்தது. இளைஞர் எதிர்த்துப் பேசவில்லை, சாவியையும் கொடுக்கவில்லை. தந்தையும் மகளும் பெட்டிகளைச் சுமந்துகொண்டு இரவுப் பேருந்தில் ஏறினர். நெடுநேரம் இருவரும் பேசவில்லை. தஞ்சோங் மாலிம் தாண்டிய பின், "அந்த அண்ணன் பயப்படவே இல்லை, அப்பா" என்று மட்டும் மகள் சொன்னாள்.

மறுநாள் மாலையில் ஆசிரியர் பட்டறைக்குத் திரும்பியபோது வண்டி அணியமாக இருந்தது. முன்கண்ணாடி கூரையின் மட்டத்திற்கு மேல் எழும்பாதவாறு சரிசெய்யப்பட்டிருந்தது. எழும்பினால் ஓடும்போது காற்று இரையும். கண்ணாடிக்கும் ரப்பருக்கும் இடையே ஒரு தாள் துண்டைச் செருகி, எல்லாப் பக்கமும் ஒரே பிடிமானம் இருக்கிறதா என்று இளைஞர் இழுத்துக் காட்டினார். பிறகு பொத்தானை விடாமல் அழுத்தி, கண்ணாடியை ஒருமுறை முழுவதும் திறந்து மூடச் செய்தார். புதிய கண்ணாடி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதைப் பொறி மீண்டும் கற்றுக்கொள்ள வேண்டும். கற்றுக்கொண்டால்தான், மூடும்போது குழந்தையின் விரல் குறுக்கே வந்தால் நின்று பின்வாங்கும். இறுதியாக நான்கு மூலைகளிலும் ஒவ்வொரு குவளை நீர் ஊற்றினார். வண்டிக்கு அடியில் நான்கு இடங்களில் நீர் வடிந்தது. உட்கூரைத் துணியில் ஈரம் இல்லை. ஆசிரியர் தொகையை எண்ணிக் கொடுத்தார். சாவியை வாங்கும்போது அந்த இளைஞரின் கையைச் சிறிது நேரம் பற்றிக்கொண்டிருந்தார்.

இந்த நிகழ்ச்சியில் விலை மதிக்கத்தக்கது கண்ணாடியும் அன்று, பசையும் அன்று. 'இன்னும் ஆகவில்லை' என்று சொல்லும் துணிவே ஆகும். வாடிக்கையாளர் சினந்தாலும், வருமானம் போனாலும், முகமறியாத ஒரு வழிப்போக்கனுக்காக அதைச் சொல்வது எளிதன்று. 'ஆயிற்று' என்று சொல்பவரை எல்லாரும் விரும்புவர். 'ஆகவில்லை' என்பவர் அந்நேரத்தில் பகைவராகத் தோன்றுவார்.

வகுப்பறையிலும் இந்தச் சோதனை நாள்தோறும் நிகழ்கின்றது. எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளையை அடுத்த பாடத்திற்கு அனுப்பிவிடச் சொல்லும் அவசரம் பள்ளியைச் சுற்றி எப்போதும் உண்டு. 2021ஆம் ஆண்டில் யு.பி.எஸ்.ஆர். தேர்வு நீக்கப்பட்டது; அவசரம் நீங்கிவிட்டதாகச் சொல்வதற்கில்லை. மனப்பாடமாக ஒப்பிக்கும் மாணவனின் விடை தொட்டுப் பார்த்தால் காய்ந்த பசைபோல் இருக்கும். உள்ளே இறுகியதா என்பதைப் பொறுமையுடன் சோதிப்பவர்தாம் அறிவார். விரைந்து குளிர்வித்த கண்ணாடியைப்போல் வெளியே உறுதியும் உள்ளே அடங்காத இழுபறியுமாக வளரும் பிள்ளைகளும் உண்டு. ஒருநாள் ஒரு சிறு கிளை விழும்போது அனைத்தும் உதிர்ந்தபின், காரணம் அந்தக் கிளைதான் என்று ஊர் பேசும்.

கூரை மாற்றுவோர் கண்ணாடியின் வகையைக் கேட்டறிய வேண்டும். காப்புறுதித் தொகை கூரைக்கும் போதுமா என்று பார்க்க வேண்டும். நீர் வடியும் வழிகளை ஆண்டுக்கொருமுறையேனும் துப்புரவு செய்விக்க வேண்டும். இவற்றுக்கெல்லாம் மேலாக, பசை இறுகும் நேரத்தை விலைபேசலாகாது. அந்த நேரத்தைப் பணத்தாலோ பதவியாலோ பணிவான வேண்டுகோளாலோ குறைக்க இயலாது. அதைக் காத்து நிற்கும் ஒருவர் பட்டறையில் கிடைத்தாலும் பள்ளியில் கிடைத்தாலும், அவரிடம் சாவியை நம்பிக் கொடுக்கலாம்.