பதவிக்குப் பிறகு குற்றாலம்

ஆனி, ஆடிச் சாரலில் குற்றாலம் பார்க்காத சகோதரிகள் ஒரு தடவையாவது போய் வாருங்கள். முக்கியமாக, அரசியலை விட்டுவிட்டு வீட்டில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கும் பெரியவர் யாராவது இருந்தால், கையோடு அழைத்துப் போங்கள்.

ரசிகமணி டி.கே.சி. சென்னைச் சட்டசபையில் இருந்தவர். 1930 முதல் 1935 வரை அறநிலையக் கமிஷனர். பிற்காலத்தில் இந்த ஊரில் கம்பனும் அருவியும் விருந்துமாக வாழ்ந்து, 1954-ல் காலமானார். ராஜாஜி, கல்கி எல்லாம் அவரைத் தேடி வந்திருக்கிறார்கள். (அத்தனை பேருக்கும் அடுப்படியில் நின்றவர்களைப் பற்றித்தான் யாரும் எழுதக் காணோம்!)

எங்கள் மாமனார் இருபது வருஷம் கட்சி, கூட்டம் என்று அலைந்தவர். விட்ட பிறகு பேப்பரைப் பிரித்தாலே கோபம், ரத்தக் கொதிப்பு. டாக்டரைக் கேட்டுக்கொண்டுதான் கூட்டிப் போனோம். பேரருவியில் ஒரே நெரிசல். வயதானவர்களுக்கும் குழந்தைகளுக்கும் புலியருவிதான் சௌகரியம். தண்ணீர் அவ்வளவு வேகமாக விழாது. குளித்ததும் தலையை நன்றாகத் துவட்டிவிட வேண்டும். அப்புறம் பசி பாருங்கள், அப்படி ஒரு பசி! வீட்டில் இரண்டு இட்லியோடு எழுந்துவிடுகிற மாமா, ஆறு சாப்பிட்டார். மங்குஸ்தான் பழத்துக்குக் கடைக்காரரோடு சிரித்துச் சிரித்துப் பேரம் வேறே.

மூன்று நாள் பேப்பரே கேட்கவில்லை. நாலாம் நாள் தாமே ஒன்று வாங்கி வந்தார். பழத்தோலைப் போடுவதற்காம்!