கொம்பு இடம் மாறாமல்

கணினித் திரையில் ஒன்றன்மேல் ஒன்றாய்த் திறக்கும் சாளரங்களில் எதனை எங்கே வைப்பது, எதனை முன்னே கொணர்வது, விசைப்பலகையில் அழுத்துவது எதனைச் சென்று சேர வேண்டும் என்பவற்றை ஒழுங்கு செய்யும் நிரலைச் சாளர மேலாளர் என்பர். செவ்வனே பணியாற்றுங்கால் அஃது இருப்பதே நமக்குத் தெரியாது. அதனை எந்த நிரல்மொழியில் எழுதுவது என்ற வினாவுக்கும் தமிழாசிரியர்க்கும் என்ன தொடர்பு எனச் சிலர் கேட்கலாம். தொடர்பு உண்டு.

கேமரன் மலையில் தானா ராத்தாவில் வாழும் என் தமக்கை மகன், தேயிலைத் தொழிற்சாலைத் தொழிலாளியின் பிள்ளை. அவனிடம் உள்ளது 2 கிகாபைட் நினைவகம் கொண்ட பழைய மடிக்கணினி. அதில் லினக்ஸை ஏற்றிச் சிறியதொரு சாளர மேலாளரைத் தானே எழுதப் புகுந்தான். "எந்த மொழியில எழுதலாம், மாமா?" என்றான். விடையை எதிர்பார்த்தன்று, உரக்கச் சிந்திக்க ஒரு துணை வேண்டியே கேட்டான்.

1987இல் வெளிவந்த எக்ஸ்11 முறைமையில் சாளர மேலாளர் ஒரு தனி நிரல். திரையை ஆளும் வழங்கியோடு வரையறுத்த விதிப்படி செய்தி பரிமாறினால் போதும். அச்செய்தி எம்மொழியில் பிறந்ததென வழங்கி வினவுவதில்லை. ஆகவே பல மொழிகளும் அங்கே இடம்பெற்றன. 2006இல் தோன்றிய டிடபிள்யூஎம், 2000 வரிகளை மீறலாகாது என்ற கட்டுப்பாட்டோடு சி மொழியில் எழுதப்பட்டது. 2007இல் வந்த எக்ஸ்மோனட் ஹாஸ்கெலில் அமைந்தது, கியூடைல் பைத்தானில். இத்தகைய நிரல் பெரும்பொழுதும் அடுத்த நிகழ்ச்சிக்காகக் காத்துக் கிடப்பதால், மொழியின் வேகம் பற்றிய வாதத்தில் பாதி வீண்.

2008இல் தொடங்கிய வேலண்டு இந்நிலையை மாற்றியது. அங்கே வழங்கியும் மேலாளரும் ஒரே நிரல். அது வீழ்ந்தால் திறந்திருந்த பணிகளும் பெரும்பாலும் உடன் வீழும். நினைவகப் பிழைகளைத் தொகுக்கும்போதே தடுக்க முயலும் ரஸ்ட் மொழியைப் பலர் நாடுவது இதனால்தான்.

1929இல் உருவான 'போ' தோட்டத்தில், சரிவு குறைந்த நிலத்தில் இருவர் பிடிக்கும் இயந்திரத்தால் கொழுந்தெடுப்பர். இயந்திரம் ஏற முடியாத செங்குத்தில் கத்தரி கொண்டு வெட்டுவர். எது சிறந்தது என அங்கே யாரும் பட்டிமன்றம் நடத்துவதில்லை. மருமகனும் தன் கணினிக்கு ஏற்ற எக்ஸ்11ஐயே கொண்டான். சி மொழியில் முதற்படியை எழுதினான்.

சாளரங்கள் ஒழுங்காய் அமைந்தன. ஆனால் 'தேயிலை' என்று பெயரிட்ட பாடக்கோப்பைத் திறந்தபோது, தலைப்புப் பட்டையில் தகரத்தின் பின்னே இரட்டைக் கொம்பு நின்றது. லகரத்தின் பின்னே ஐகாரக் கொம்பு தொங்கியது. தமிழறியாதவர்க்கு அது வெறும் கோடு; நமக்கோ கண்ணில் விழுந்த துரும்பு.

காரணம் எளிது. யூனிகோடு ஒலிக்கும் முறையிலேயே எழுத்தைச் சேமிக்கிறது: முதலில் மெய்யின் குறி, பின்னர் உயிரின் குறி. திரையில் கொம்பை முன்னே நகர்த்துவது வடிவமைக்கும் நிரலின் கடமை. அவன் பயன்படுத்திய எக்ஸ்எஃப்டி நூலகம் குறிகளை வந்த வரிசையிலேயே வரைவது. அதற்கு அக்கடமை தெரியாது. ஹார்ஃப்பஸ்ஸைத் துணைக்கொண்ட பாங்கோ நூலகம் அதனை அறியும். ஐ3, கியூடைல் ஆகியவை பாங்கோவைப் பயன்படுத்துவதால் அவற்றில் தமிழ் சிதைவதில்லை.

அன்றுமுதல் வினாவே வேறாயிற்று: பாங்கோவை எம்மொழியிலிருந்து இடரின்றி அழைக்கலாம்? பாங்கோ சி மொழியில் எழுதப்பட்டதாகையால் அங்கிருந்து நேரே அழைக்கலாம். பைத்தானுக்கும் இணைப்பு நூலகங்கள் உண்டு. நான் பைத்தானைச் சொன்னேன். பள்ளி மாணவர் படித்துத் திருத்தக்கூடிய நிரலாய் இருந்தால், நாளை இன்னோர் எழுத்து உடையும்போது அவர்களே சீர்செய்வர் அல்லவா?

"2 கிகாபைட்டுல பைத்தான் தன் பங்கை முதல்ல எடுத்துக்கும், மாமா," என்று கூறிச் சி மொழியிலேயே நின்றான். இப்பொழுது அவன் பட்டையில் தேயிலை தேயிலையாகவே தெரிகிறது. என் வாக்கு இன்னும் பைத்தானுக்கே.