தேயிலை மலையில் ஒரு விருந்து

ஓர் ஊரைக் காணப் போகிறவர்களுக்கு அவ்வூரின் கோபுரங்களையும் மாளிகைகளையும் காட்டுவதோடு நில்லாமல், அவ்வூராரின் பழைய உணவையும் ஊட்டி அனுப்பும் வழக்கம் இந்நாளில் உலகெங்கும் பரவி வருகிறது. ஆஸ்திரியா தேசத்துத் தலைநகராகிய வியன்னாவுக்குச் சென்று மீண்ட நண்பர் ஒருவர் அத்தகைய உலா ஒன்றை நமக்கு விரிவாக எடுத்துரைத்தார். வழிகாட்டி ஒருவர் பத்துப் பன்னிரண்டு பேரை அழைத்துக்கொண்டு புனித ஸ்டீபன் பேராலயத்தையும் அரண்மனையையும் காட்டுவாராம். இடையிடையே, ரொட்டித் தூளில் புரட்டிப் பொரித்த கன்றிறைச்சியை ஓரிடத்திலும், ஆப்பிள் பழத்தை மெல்லிய மாவேட்டில் சுருட்டிச் சுட்ட பலகாரத்தை வேறோரிடத்திலும், முடிவில் ஒரு காப்பிக் கடையில் காப்பியையும் வாங்கிக் கொடுப்பாராம்.

காப்பியோடு ஒரு கதையும் வருமாம். 1683-ல் அந்நகரை முற்றுகையிட்ட துருக்கிச் சேனை தோற்றோடியபோது காப்பிக்கொட்டை மூட்டைகளை விட்டுச் சென்றதென்றும், அவற்றைப் பரிசாகப் பெற்ற கொல்ஷிட்ஸ்கி என்னும் வீரரே நகரின் முதற் காப்பிக் கடையை வைத்தவரென்றும் கூறுவார்களாம். சரித்திரம் கூறுவது வேறு. 1685-ல் அங்கே காப்பி விற்க முதலில் உரிமை பெற்றவர் ஜோஹன்னஸ் டியோடாட்டோ என்ற ஆர்மீனிய வர்த்தகர். கதையிலுள்ள வீரருக்குச் சிலை எழும்பிற்று. வர்த்தகரின் பெயரோ நெடுங்காலம் மறைந்து கிடந்தது.

இதைக் கேட்டபோது நமக்கு ஒன்று புலப்பட்டது. யாத்திரிகனுக்கு உணவு பரிமாறப்படும்போது அதனோடு ஒரு கதையும் பரிமாறப்படுகிறது. அக்கதையில் யார் பெயர் நிற்கிறது, யார் பெயர் விழுந்து போகிறது என்பதை நாம் கவனித்தல் வேண்டும். இவ்வெண்ணத்தோடேயே நாம் மலேசியாவில் பகாங் மாநிலத்தைச் சேர்ந்த கேமரன் மலைக்குச் சென்றோம். நம்முடன் தமிழ்நாட்டிலிருந்து வந்த நண்பர்கள் நால்வர்.

தாப்பா என்னும் ஊரிலிருந்து மலைப்பாதை தொடங்குகிறது. தானா ராத்தா வரை ஏறத்தாழ 60 கிலோமீட்டர், வளைவுகளுக்குக் கணக்கில்லை. ஏற ஏற வெப்பம் தணிந்து, 1,500 மீட்டர் உயரத்தை நெருங்கும்போது உடம்பு கம்பளியைத் தேடுகிறது. நமக்கு வாய்த்த வழிகாட்டி தமிழ் இளைஞர். மலாயும் ஆங்கிலமும் தமிழும் தங்குதடையின்றிப் பேசினார். வண்டியின் முன்னிருந்து அவர் சொல்லி வந்த சரித்திரம் இது: 1885-ல் வில்லியம் கேமரன் என்ற சர்க்கார் நில அளவையாளர் இம்மேட்டு நிலத்தைக் கண்டறிந்தார், 1925-ல் சர் ஜார்ஜ் மாக்ஸ்வெல் இதனைக் குளிர்வாசத்துக்கும் பயிர்த்தொழிலுக்கும் உரிய இடமாக்க முனைந்தார், 1929-ல் ஜே. ஏ. ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். 1933-ல் வட இந்தியக் குடும்பம் ஒன்று பாரத் தோட்டத்தைத் தொடங்கிற்று. 1937-ல் ஆங்கிலக் கிராமத்து மாளிகை போன்ற 'ஸ்மோக்ஹவுஸ்' விடுதி எழும்பிற்று. இவையெல்லாம் உண்மையே. ஒன்றையும் நாம் மறுக்க வரவில்லை.

பிரிஞ்சாங் சிகரத்தின் பாசி படர்ந்த காட்டைக் கண்டு இறங்கியபின் ஒரு தேயிலைத் தோட்டத்தை அடைந்தோம். அக்காட்சியை என்னென்பது! மலைச்சரிவுகள் யாவும் பச்சைக் கம்பளம் போர்த்தினாற்போல் கிடந்தன. செடிகளின் தலை ஒரே மட்டமாக வெட்டப்பட்டு, இடையிடையே ஆள் நுழையும் ஒற்றையடித் தடங்கள் கோலமிட்டாற்போல் ஓடின. தோட்டத்தின் ஆலையையும் காட்டினார்கள். பறித்த கொழுந்தைப் பல மணி நேரம் காற்றில் பரப்பித் துவள விடுகிறார்கள். பிறகு உருளைகளில் கசக்கி, காற்றுப்பட்டுச் சிவக்கவிட்டு, சூட்டில் காயவைத்து, சல்லடைகளில் தரம் பிரிக்கிறார்கள். ஒரு கிலோ தேயிலைக்கு ஏறக்குறைய ஐந்து கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும்.

அதன்பின் சரிவை நோக்கிய ஒரு முகப்பில் நம்மை அமர்த்தி, இம்மலையின் பாரம்பரிய உணவென்று சொல்லி ஒரு தட்டை வைத்தார்கள். அதில் இருந்தது 'ஸ்கோன்' என்னும் ஆங்கிலேயர் பலகாரம். தொட்டுக்கொள்ள ஸ்ட்ராபெரிப் பழப்பாகும் பாலாடையும். பக்கத்தில் பீங்கான் கிண்ணத்தில் தேநீர். சுவையில் குறையில்லை. நாம் இரண்டு உண்டோம். நண்பர்களும் மகிழ்ந்து உண்டார்கள். அதைச் சுட்டவர் யார், எந்தத் தேசத்தார், எந்த ஜாதியார் என்று நம்மில் எவரும் கேட்கவில்லை. இவ்விஷயத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

நிற்க. இம்மலையின் பாரம்பரிய உணவு ஸ்கோன் என்றால், இக்காட்டை வெட்டித் திருத்திச் செடி நட்டவர்கள் எதைத் தின்று உயிர் வாழ்ந்தார்கள்? ஆதியிலிருந்தே இங்கு வாழும் செமாய் மக்கள் எதை உண்டார்கள்? தட்டில் இதற்கு விடையில்லை. வழிகாட்டி சொன்ன சரித்திரத்திலும் இல்லை.

மலாய் நாட்டுத் தோட்டங்களுக்கு ஆள் சேர்த்த விதம் தமிழர் அறியாததன்று. கங்காணி கிராமத்துக்கு வருவான். கடனில் மூழ்கியவர்களையும் பஞ்சத்தில் நலிந்தவர்களையும் அழைப்பான். நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ கப்பலேற்றிப் பினாங்கில் இறக்குவான். சேலம், திருச்சி, தஞ்சை, வட ஆர்க்காடு ஜில்லாக்களிலிருந்து இவ்வாறு போனவர்கள் எண்ணிறந்தோர். அவர்களிற் கணிசமானோர் தீண்டாமைக் கொடுமைக்கு ஆளானவர்கள். 1920-களின் பிற்பகுதியில், சாலை வசதியுள்ள பகுதிகளில் அவர்களுக்கு நிர்ணயித்த நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. கொழுந்து பறிப்பது பெரும்பாலும் பெண்களே என்பதை எண்ணினால் இக்கணக்கின் சூது விளங்கும். 1938-ல் இந்திய சர்க்கார் இவ்வாள்சேர்ப்பைத் தடுத்தது. அதற்குள் ஒரு தலைமுறை அங்கேயே வேரூன்றி விட்டது.

இவற்றை நாம் மெல்ல அந்த இளைஞரிடம் எடுத்துச் சொன்னோம். அவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பிறகு, "ஐயா, நிகழ்ச்சி நிரலில் இல்லாத இடம் ஒன்று இருக்கு. வர்றீங்களா? எங்க பாட்டி வீடு" என்றார்.

அது தோட்டத்து வீடன்று. வேலையிலிருந்து ஓய்வு பெற்றால் தோட்டத்து வீட்டைக் காலி செய்ய வேண்டிய நிலை தோட்டத் தொழிலாளருக்கு நெடுங்காலம் இருந்து வந்தது. மகன் ஊருக்குள் எடுத்த சிறு வீட்டில் அம்மூதாட்டியார் வசிக்கிறார். வயது எண்பதுக்கு மேல். விரல்நுனிகள் இன்னும் கறுத்துத் தடித்திருந்தன. "வாங்கய்யா, வாங்க" என்று பாயை விரித்தார். நாம் தடுப்பதற்குள் உணவும் வந்துவிட்டது. சோறு, கருவாட்டுக் குழம்பு, மலையில் விளைந்த முட்டைக்கோசுப் பொரியல். பிறகு எவர்சில்வர்க் குவளைகளில் பாலில்லாத கடுந்தேநீர்.

"நாங்க பறிச்சதெல்லாம் நல்ல கொழுந்துதான். எங்களுக்கு வந்தது கடைசித் தூள். அதிலேதான் வெள்ளென நாலு மணிக்கு இதைப் போட்டுக் குடிச்சுட்டுப் பெரட்டுக்கு ஓடுவோம்" என்றார் அவர். காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடுவதே பெரட்டு. மழையானால் உடம்பில் படுதாவைச் சுற்றிக்கொள்வதும், முதுகுக் கூடையின் பாரமும், காலில் ஏறும் அட்டையும், பிள்ளையை மரத்தடியில் விட்டுவிட்டுச் சரிவில் ஏறியதும், யாரோ அயலார் கதையைச் சொல்வதுபோல் அவர் வாயிலிருந்து வந்தன. ஸ்கோன் தின்ற முகப்பிலிருந்து நாம் கண்ட கோலத் தடங்கள் இத்தகையோர் நடந்து நடந்து பதிந்தவை என்பது அப்போதுதான் நமக்கு உறைத்தது.

நம் நண்பர்களுள் ஒருவர் சைவர். கருவாட்டை வேண்டாமென்றார். அது அவர் விருப்பம், அதிற் குற்றமில்லை. ஆனால் தேநீர்க் குவளையைக் கையில் ஏந்தியவர் அதை வாயருகே கொண்டுபோகவில்லை. சற்றுத் தயங்கி, "அம்மா, உங்களுக்குத் தமிழ்நாட்டிலே எந்த ஊர்?" என்று கேட்டார்.

தமிழராய்ப் பிறந்த எவருக்கும் இக்கேள்வியின் பொருள் தெரியும். ஊரைக் கேட்டு, தெருவைக் கேட்டு, அப்பால் குலத்தை அறிவதற்குரிய முதற்படி அது. அம்மூதாட்டியாருக்கும் தெரிந்திருக்க வேண்டும். அவர் சிரித்தார்.

"எனக்குத் தெரியாதுங்கய்யா. நான் ஜப்பான்காரன் காலத்துலே பிறந்தவ. நான் கைக்குழந்தையா இருக்கையிலே எங்கப்பாவைச் சயாம் ரயில் வேலைக்குப் பிடிச்சுட்டுப் போயிட்டாங்க. அவரு திரும்பலே. ஊர்ப் பேரும் அவரோடேயே போயிருச்சு. எங்க ஊரு இதுதான்."

1942-லும் 1943-லும் ஜப்பானியர் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே போட்ட அந்த ரயில் பாதையில் மலாய் நாட்டுத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் ஆயிரமாயிரமாக மாண்டார்கள். வயிற்றுப்போக்கிலும் விஷபேதியிலும் மடிந்தவர்களுக்குக் கல்லறையுமில்லை, கணக்குமில்லை. அத்தகைய சாவின் எதிரில் நின்றுகொண்டு நம் நண்பர் ஜாதி விசாரித்தார்.

நண்பரைக் குறை கூறிவிட்டு நாம் தப்பித்துக்கொள்ள எண்ணவில்லை. உண்மையை உள்ளபடி எழுதுவோம். அவர் கேட்டபோது அக்கேள்வி தகாதென்று நாம் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. அதைவிட வெட்கத்துக்குரியது ஒன்றுண்டு. விடை என்னவாக இருக்கும் என்று நம் செவியும் ஒரு கணம் காத்திருந்தது. ஜாதி ஒழிய வேண்டுமென்று மேடையில் பேசியும் ஏட்டில் எழுதியும் வந்த நமக்கு, கடல் கடந்து மலையேறிய பின்னும் அந்தச் செவி உடன் வந்திருந்தது.

1929 டிசம்பரில் பெரியார் ஈ.வெ.ரா. மலாய் நாட்டுக்கு வந்து, இம்மலைக்கு அருகிலுள்ள ஈப்போவிலும் பிற ஊர்களிலும் தமிழர்களிடையே பேசினார். ஜாதியைக் கப்பலிலேற்றிக் கொண்டுவந்து இங்கும் நடவேண்டாம் என்பதே அந்நாளைச் சீர்திருத்தக்காரர் யாவரும் வற்புறுத்தியது. அது நடந்து ஏறத்தாழ நூறாண்டுகள் ஆகப்போகின்றன. தீண்டாமையை ஒழித்ததாக 1950-ல் நடைமுறைக்கு வந்த இந்திய அரசியல் சட்டத்தின் 17-ஆம் பிரிவு கூறுகிறது. எனினும் தமிழ்நாட்டுக் கிராமத்துத் தேநீர்க் கடைகள் சிலவற்றில் இருவகைக் குவளைகள் வைத்திருப்பதாக இன்றும் செய்தி வருகிறது. கொழுந்து பறித்தவளின் இனத்தாருக்கே தேநீர் தனிக் குவளையில் வருமாயின், அதைக் காட்டிலும் கசப்பான பானம் உலகில் வேறுண்டோ?

துரைமார் பெயரை மட்டும் சொல்லும் வழிகாட்டியை நாம் குறை கூறினோம். அவ்விளைஞர் தம் பாட்டியைச் சரித்திரத்தில் சேர்க்காததற்குக் காரணம் என்ன? அதைக் கேட்க விரும்புவோர் இல்லை என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. அயலார் கேளாதது ஒருபுறமிருக்க, தமிழ்நாட்டிலிருந்து வரும் நாமே அதைக் கேட்பதில்லை. நாம் கேட்பது எந்த ஊர் என்பது ஒன்றே.

இன்று அச்சரிவுகளில் கூடை சுமக்கும் தமிழ்ப் பெண்கள் அருகிவிட்டார்கள். இருவர் பிடித்துச் செல்லும் இயந்திரம் கொழுந்தை வெட்டுகிறது. அதைப் பிடிப்பவர்கள் பெரும்பாலும் வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்த தொழிலாளர்கள். பழைய கதை புதிய மொழிகளில் நடக்கிறது. நாளை அவர்கள் பெயரும் இவ்வாறே விழுந்து போகலாம்.

ஆதலின் நாம் கூற விரும்புவது இதுவே. இம்மலைக்கு ஆட்களை அழைத்து வருவோர் ஸ்கோனை நிறுத்த வேண்டியதில்லை. அதுவும் இம்மலையின் கதையில் ஒரு பங்கு. அதோடு ஒரு வேளையாவது, கொழுந்து பறித்தவர் வீட்டுச் சோற்றையும் கடுந்தேநீரையும் உரிய விலை கொடுத்து உண்ணச் செய்யட்டும். கதையை அவ்வீட்டாரே சொல்லட்டும். செமாய் மக்கள் விரும்பினால் அவர்கள் உணவையும் கதையையும் அவர்களே எடுத்துரைக்கட்டும். அங்கே போகும் தமிழர்கள் குவளையைக் கையில் வாங்கியபின் ஊரைக் கேளாது குடிக்கட்டும்.

நம் நண்பர் அன்று என்ன செய்தார் என்று வாசகர்கள் கேட்கலாம். நெடுநேரம் தலைகுனிந்திருந்துவிட்டு, ஆறிப்போன அத்தேநீரைக் குடித்து முடித்தார். பிறகு, "இன்னும் கொஞ்சம் இருக்குமா அம்மா?" என்று கேட்டார். மூதாட்டியார் மறுபடியும் ஊற்றினார். நாம் விடைபெற்று வாசலுக்கு வந்து திரும்பிப் பார்த்தபோது, அவர் ஐந்து குவளைகளையும் ஒரே தட்டில் அடுக்கி எடுத்துப்போய், ஒரே குழாயடியில் வைத்துக் கழுவிக்கொண்டிருந்தார்.