70 வளைவு, 21 கிலோ!

பழைய பேப்பர் கடைக்காரர் என் மூட்டைகளை ஒரு தரம் பார்த்தார். என்னை ஒரு தரம் பார்த்தார்.

"எல்லாமே எடைக்குப் போடறதா சார்?"

"எடை மட்டும் பாருங்க. விக்கறதுக்கு இல்லே."

அவருடைய சர்வீஸில் இப்படி ஒரு கிராக்கி வந்ததே இல்லை போலிருக்கிறது. ஆனாலும் தராசில் ஏற்றினார். 21 கிலோ 300 கிராம். "இரும்பா இருந்தா நல்ல காசு" என்று பெருமூச்சு விட்டு, சுவரில் சாய்த்திருந்த என் சைக்கிளை ஆசையோடு பார்த்தார்.

சைக்கிளில் கொல்லிமலை போய்விட்டு வந்த மறுநாள் நடந்தது இது. புறப்படுவதற்கு முன்னால் பார்த்திருக்க வேண்டிய எடைதான். என்ன செய்வது, நான் பி.காம்.! எல்லாம் முடிந்த பிறகு ஆடிட் பண்ணித்தான் பழக்கம்.

திட்டம் இதுதான். துணைக்கு வண்டி வராது. ஓட்டல் ரூம் கிடையாது. படுக்கை, துணிமணி, ரிப்பேர் சாமான் சகலத்தையும் சைக்கிளிலேயே கட்டிக்கொண்டு போய், யாராவது இடம் கொடுத்தால் அங்கே டென்ட் அடித்துத் தூங்கிவிட்டு வரவேண்டும். சேலத்தில் கிளம்பி ராசிபுரம், பேளுக்குறிச்சி வழியாகக் காரவள்ளி அடிவாரம். அங்கிருந்து மேலே 70 கொண்டை ஊசி வளைவுகள். வளைவுக்கு வளைவு நம்பர் எழுதி வைத்திருக்கிறார்கள். எண்ணத் தெரிந்தவனுக்கு அது தனி தண்டனை.

மூட்டை கட்டியபோது நான் படித்த படிப்புக்குத் துரோகம் செய்யவில்லை. கணக்கியலில் ஒரு விதி உண்டு: வரப்போகிற லாபத்தைக் கணக்கில் சேர்க்காதே, வரக்கூடிய நஷ்டத்துக்கெல்லாம் ஒதுக்கீடு வை. வைத்தேன். மழை வந்தால்? குடை, ரெயின்கோட் இரண்டும். குளிரடித்தால்? கம்பளி, ஸ்வெட்டர், அதன் மேல் ஒரு ஜெர்கின். கடை இல்லாவிட்டால்? அடுப்பு, பாத்திரம், ரவை, பருப்புப் பொடி. இருட்டினால்? டார்ச். அது எரியாவிட்டால்? இன்னொரு டார்ச். தூக்கம் வராவிட்டால்? 900 பக்க நாவல். தள்ளுபடியில் வாங்கிய டென்ட்டில் நாலு பேர் படுக்கலாம். "மீதி மூணு பேர் யாரு?" என்று என் மனைவி கேட்டாள். காதில் விழாத மாதிரி இருந்துவிட்டேன்.

14-வது வளைவில் மிதிப்பதை நிறுத்தினேன். பாரம் முழுக்கப் பின்பக்கம் என்பதால் செங்குத்தான மேட்டில் முன்சக்கரம் குதிரை மாதிரி தூக்கியது. இறங்கித் தள்ளினேன். 31-வது வளைவில் திடீரென்று வீரம் வந்து மறுபடி ஏறி மிதித்தேன். பின்சக்கரத்தில் 'டிங்' என்று ஒரு சத்தம். ஸ்போக்ஸ் கம்பி ஒன்று அறுந்தது. கொஞ்ச தூரத்தில் இன்னொரு 'டிங்'.

21 கிலோ மூட்டையைக் கவிழ்த்துத் தேடினேன். ஒரு ஸ்போக்ஸ் கம்பி கிடையாது! பத்து கிராம்கூட வராத சமாச்சாரம் அது.

காலியாக மலையேறிய மினி லாரி ஒன்று நின்றது. டிரைவர் எட்டிப் பார்த்து, "ஏன் சார், வீடு காலி பண்ணிட்டு வர்றீங்களா?" என்றார். அன்று ராத்திரி நான் செம்மேட்டில் ஒரு லாட்ஜில் கட்டில் மேல் தூங்கினேன். நாலு பேர் டென்ட் கட்டிலுக்கு அடியில் தூங்கியது. மறுநாள் இறங்கியதும் அதே லாரியில்தான், அன்னாசிப் பழங்களோடு.

பேப்பர் கடையிலிருந்து திரும்பியதும் ஹாலில் எல்லாவற்றையும் கொட்டி மூன்று குவியலாகப் பிரித்தேன். தினம் உபயோகித்தது, ஒரே தரம் உபயோகித்தது, தொடவே தொடாதது. மூன்றாவதுதான் கொல்லிமலை. அதை அப்படியே தள்ளிவிடலாம் என்றால் முடியாது. பஞ்சர் ஒட்டும் சாமானும் முதலுதவி டப்பாவும் அதில்தான் கிடந்தன. ஆகவே கேள்வியை மாற்றினேன். 'இது வேணுமா?' என்று கேட்டால் எல்லாமே 'வேணும்' என்றுதான் சொல்லும். 'இது இல்லேன்னா என்ன ஆகும்?' என்று கேட்க வேண்டும். 'நடுரோட்டில் நிற்போம்' என்றால் பையில் போடு. 'கடையில் வாங்கிக்கலாம்' என்றால் வெளியே வை. 'யாரையாவது கேட்டுக்கலாம்' என்றால்...

அங்கேதான் எனக்கு இடித்தது.

தாமஸ் ஸ்டீவன்ஸ் என்று ஒருவர். 1884-ல் சான் பிரான்சிஸ்கோவில் கிளம்பி, முன்சக்கரம் ஆளுயரத்துக்கு இருக்கிற அந்தக் காலத்துச் சைக்கிளில் உலகத்தைச் சுற்றி, 1886 டிசம்பரில் யோகோஹாமாவில் முடித்தவர். வழியில் நம் நாட்டில் கல்கத்தா வரை மிதித்திருக்கிறார். அவருடைய சாமான்: காலுறை, மாற்றுச் சட்டை ஒன்று, ஒரு ரெயின்கோட், ஒரு கைத்துப்பாக்கி. ரெயின்கோட்தான் டென்ட், அதுவேதான் படுக்கை! துப்பாக்கியை விட்டுவிடுவோம். அந்த ரெயின்கோட்டைப் பற்றிப் படித்ததும் எனக்கு வேறொரு துணி ஞாபகம் வந்தது. அப்பாவின் துண்டு.

அப்பா ஜவுளி வியாபாரி. கடை கிடையாது, சைக்கிள்தான் கடை. கேரியரில் சேலை மூட்டை மலை மாதிரி இருக்கும். தனக்கென்று ஹேண்டில்பாரில் ஒரு மஞ்சள் பை, அதில் ஒரு வேட்டி, கணக்கு நோட்டு. தோளில் துண்டு. அதுவே வெயிலுக்குத் தலைப்பாகை, குளித்தால் துவட்ட, படுத்தால் விரிப்பு, சந்தையில் எதையாவது வாங்கினால் பை.

ஒரு பள்ளிக்கூட லீவில் என்னையும் முன்பாரில் உட்கார வைத்துக் கூட்டிப் போனார். இருட்டிவிட்டது. முன்பின் தெரியாத ஒரு வீட்டு வாசலில் நின்று, "அம்மா, பையன் இருக்கான், திண்ணையில படுத்துக்கலாமுங்களா?" என்றார். திண்ணை கிடைத்தது, கூடவே மோர்ச்சோறும். அப்பா நன்றாகத் தூங்கினார். எனக்குத் தூக்கம் வரவில்லை. வெட்கம். பெரியவனானால் யாரிடமும் எதையும் கேட்கக்கூடாது என்று அந்தத் திண்ணையில்தான் முடிவு செய்தேன்.

அந்த முடிவின் எடைதான் 21 கிலோ 300 கிராம்.

இரண்டாவது தடவை கிளம்பினபோது ஒருவர் படுக்கிற டென்ட் ஒன்றரைக் கிலோ. மெல்லிசான தூக்கப் பை ஒரு கிலோ. உடம்பில் ஒரு செட் துணி, பையில் ஒரு செட். சாயங்காலம் அலசிப் போட்டால் காலையில் காய்கிற ரகம். டியூப், பஞ்சர் சாமான், பம்ப், செயின் இணைப்பு, சக்கரத்துக்குச் சரியான அளவில் மூன்று ஸ்போக்ஸ் கம்பி, அதை முறுக்கும் சாவி. ஒரே ஒரு டார்ச். அடுப்பு கிடையாது, டீக்கடை இருக்கிற ரோட்டில் அடுப்பு எதற்கு? தண்ணீர் லிட்டருக்கு ஒரு கிலோ என்பதால் இரண்டு லிட்டருக்கு மேல் இல்லை, கிடைக்கிற இடத்தில் நிரப்பிக்கொள்வது. கனமானதையெல்லாம் சக்கரத்தை ஒட்டித் தாழ்வாக, இரண்டு பக்கமும் சமமாக, கொஞ்சம் முன்சக்கரத்துக்கும் பங்கு வைத்துக் கட்டினேன். தண்ணீர் நீங்கலாக 8 கிலோ 400 கிராம்.

மூச்சு வாங்கி மூச்சு வாங்கித்தான், ஆனால் ஓரிடத்தில்கூடத் தள்ளாமல், எழுபதையும் எண்ணினேன்.

செம்மேடு தாண்டி, மிளகுக்கொடி படர்ந்த ஒரு தோட்டத்து வீடு. வாசலில் நின்று ஐந்து நிமிஷம் மனசுக்குள் ஒத்திகை பார்த்தேன். எழுபது வளைவில் வறளாத தொண்டை அங்கே வறண்டது.

"பாட்டி... ஓரமா டென்ட் அடிச்சுக்கலாங்களா? காலைல போயிடுவேன்."

பாட்டி டென்ட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "சாப்டியா கண்ணு?" என்றார்.

சாமைச் சோறும் ரசமும். ராத்திரி பத்து மணிக்குக் குளிர் தாங்கவில்லை. ஆயிரம் மீட்டருக்கு மேலே தூக்கப் பையின் வீரம் செல்லவில்லை. கதவைத் தட்டிக் கம்பளி கேட்டேன். இரண்டாவது தடவை கேட்பது அத்தனை கஷ்டமாக இல்லை.

காலையில் பணம் நீட்டினேன். கோபித்துக்கொண்டார். சரியென்று கால் கிலோ மிளகு விலைக்குக் கேட்டேன். அதற்குக் கறாராகப் பேரம் பேசி, ஐந்து ரூபாய்கூடக் குறைக்காமல் வாங்கிக்கொண்டார்!

வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம் பெருமையாகச் சொன்னேன். "மொத்தமே 8 கிலோ 400 கிராம்தாம்ப்பா!"

அப்பா என் பைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். தோளிலிருந்த துண்டை எடுத்து உதறி மறுபடி போட்டுக்கொண்டார்.

"ரெண்டு நாளைக்கு அவ்வளவு எதுக்குடா?"