கொழுந்து பறித்தவளின் பேத்தி

நான் எழுதிக்கொண்டிருக்கும் நாவலின் நாயகிக்கு இறந்தவர்கள் கண்ணில் படுவார்கள். மாயக் கதைகளைப் படித்துப் பழகிய வாசகருக்கு இது வியப்பே தராது. நகரத்தில் நடக்கும் மாயக் கதை என்றால் நாயகிக்கு ஏதாவதொரு சக்தி இருந்தே தீரும். அவளை நம்பவைப்பது அந்தச் சக்தியல்ல, அவளுக்குத் தெரிந்த வேலை. அமெரிக்க எழுத்தாளர் பாட்ரிசியா பிரிக்ஸ் படைத்த மெர்சி தாம்சன் விலங்காக உருமாறக்கூடியவள்; ஆனால் பிழைப்புக்கு அவள் ஃபோக்ஸ்வேகன் கார்களைப் பழுதுபார்க்கிறாள். 2006-ல் வந்த முதல் நாவலில் வம்பு அவளைத் தேடி வருவதே அந்தப் பட்டறைக்குத்தான். எம்மா புல் 1987-ல் எழுதிய 'வார் ஃபார் தி ஓக்ஸ்' நாவலின் எடி, மினியாபொலிஸ் நகரத்தில் ராக் இசைக்குழு நடத்துபவள். தேவதைகளின் போரில் அவள் கடைசியில் நம்பி நிற்பது தன் பாட்டை.

இங்கே மலேசியாவிலும் முன்னோடிகள் உண்டு. சிலாங்கூரைச் சேர்ந்த ஸென் சோ, இங்கிலாந்தில் வழக்கறிஞராக வேலை பார்த்துக்கொண்டே கதை எழுதியவர். 2021-ல் வந்த அவருடைய 'பிளாக் வாட்டர் சிஸ்டர்' நாவலில் ஜெஸ் என்ற பெண் அமெரிக்காவிலிருந்து பினாங்குக்குத் திரும்புகிறாள். செத்துப்போன பாட்டியின் குரல் அவள் காதில் கேட்கத் தொடங்குகிறது. அந்தப் பாட்டி உயிரோடிருந்த காலத்தில் ஒரு தெய்வத்துக்குச் சாமியாடியவள். தமிழில் ம. நவீன் 'சிகண்டி'யில் கோலாலம்பூரின் சௌகிட் சந்துகளுக்குள் தெய்வத்தைக் கொண்டுவந்து நிறுத்தினார். அதற்கு முந்தைய அவருடைய 'பேய்ச்சி' கெடா மாநிலத் தோட்டத்து ஓலம்மாவின் கதை. 2020 டிசம்பரில் உள்துறை அமைச்சு அதைத் தடை செய்தது. வேலைக்குப் போகும் ரயிலில் இவற்றைத்தான் திரும்பத் திரும்ப வாசிக்கிறேன். பகலில் கணக்கு எழுதும் உத்தியோகம். என் எழுத்து விடியலுக்கு முன்னால், வீடு எழுவதற்குள் நடக்கும்.

என் நாயகியின் பெயர் செவ்வந்தி. செந்தூல்காரி. மஸ்ஜித் ஜாமேக் ரயில் நிலையத்தில் இரவு வேலை. கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் கலக்கும் இடம் அது. அங்கே ஆற்றின்மேல் மூட்டம் இறங்கும் இரவுகளில், வழி தவறியவர்கள் அவளிடம் வந்து வீடு எங்கே என்று கேட்பார்கள். அவர்களில் பலர் ஜப்பானியர் காலத்தில் சயாம் ரயில் பாதைக்குப் பிடித்துக்கொண்டு போகப்பட்டுத் திரும்பாத தோட்டத்துத் தமிழர்கள். மூட்டத்துக்குள் எப்படி நடப்பது என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவள் அவளுடைய பாட்டி, கேமரன் மலையில் கொழுந்து பறித்தவள். பாட்டியின் கையில் இருந்த வித்தைதான் பேத்தியின் சக்தி. அந்த வித்தையைக் கண்ணால் பார்க்காமல் எழுதக்கூடாது என்று மலைக்குப் போனேன்.

தாப்பாவிலிருந்து ஏறும் பழைய சாலை 1931-ல் திறக்கப்பட்டது. பேராக்கில் தொடங்கி வளைந்து வளைந்து பகாங்குக்குள் நுழைகிறது. முதலில் ரிங்லெட். பிறகு அணை, தானா ராத்தா, பிரிஞ்சாங். வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் 1885-ல் இந்த மேட்டுநிலத்தைப் பற்றி எழுதிவைத்துப் போனார். அவர் பெயரே மலைக்கு நிலைத்துவிட்டது. அவருக்கு எத்தனையோ காலம் முன்பிருந்தே செமாய் மக்கள் இங்கே வாழ்கிறார்கள். 1929-ல் ஜே. ஏ. ரஸ்ஸல், இலங்கையில் தேயிலை பயிரிட்டுப் பழகிய ஏ. பி. மில்னுடன் சேர்ந்து போ தோட்டத்தைத் தொடங்கினார். 1933-ல் வட இந்தியாவிலிருந்து வந்த அகர்வால் குடும்பம் பாரத் தேயிலையைத் தொடங்கியது. காட்டை வெட்டியவர்களும் சரிவைக் கொத்தி நாற்று நட்டவர்களும் பெரும்பாலும் நம் ஆட்கள். அவர்களின் பெயர் எந்த ஊருக்கும் இல்லை.

இப்போது சரிவில் தமிழ்க் குரல் அபூர்வம். நான் பார்த்த நிரைகளில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் வங்காளதேசத்தினரும் நேப்பாளிகளும். முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ், இடுப்பில் பிளாஸ்டிக் விரிப்பு, முதுகில் கூடை. கையில் பெரிய கத்தரி. அதன் ஒரு அலகில் பெட்டி பொருத்தியிருக்கும். கத்தரி மூடும்போது வெட்டுப்பட்ட கொழுந்து பெட்டிக்குள் விழும். நாலைந்து வெட்டுக்கு ஒருமுறை, திரும்பிப் பார்க்காமலே, அதைத் தோளுக்குமேல் வீசிக் கூடைக்குள் கொட்டுகிறார்கள். ஒரு இலைகூட வெளியே சிந்தவில்லை. சரிவு குறைந்த இடங்களில் இரண்டு பேர் நிரையின் இரு பக்கமும் இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு நடக்கிறார்கள். பின்னால் நீண்ட பை காற்றில் உப்பிக்கொண்டு வருகிறது. கத்தரியால் வெட்டிய நிரைக்குச் சுமார் மூன்று வாரம் கழித்து மறுபடி வருவார்கள். பூமத்தியரேகைக்குப் பக்கத்து மலை என்பதால் இங்கே கொழுந்துக்கு ஓய்வுக் காலம் கிடையாது. ஆண்டு முழுவதும் துளிர்க்கும், ஆண்டு முழுவதும் பறிப்பார்கள்.

கத்தரிக்காரர்களை எழுத்தில் யந்திரமாகக் காட்டுவது எளிது, அநியாயமும்கூட. செடியின் மேல்மட்டத்தைக் கண்ணாலேயே அளந்து, முதிர்ந்த இலையைத் தொடாமல் இளந்துளிரை மட்டும் எடுக்கவும், பாறையும் சேறுமான சரிவில் கால் ஊன்றவும் தெரிய வேண்டும். வெட்டு ஒரு விரல் கீழே இறங்கினாலும் அடுத்த சுற்றில் கொழுந்து குறையும். வீட்டை விட்டு இவ்வளவு தூரம் வந்து இந்த வேலையைச் செய்பவர்களுக்கு என் நாவலில் நல்ல இடம் வேண்டும் என்று அங்கே நிற்கும்போதே தோன்றியது. சயாமுக்குப் போனவர்களைப்போல இவர்களும் ஊரிலிருந்து வெகுதூரம் வந்தவர்கள்.

கை வித்தையை எனக்குக் காட்டியவர் ஓய்வு பெற்ற ஒரு பாட்டி. லயத்து வாழ்க்கையை விட்டு வந்து, தானா ராத்தா பக்கம் மகனோடு இருக்கிறார். வீட்டுக்குப் பின்னால் வேலியோரம் தேயிலைச் செடிகள் சில நிற்கின்றன. "நகம் படக்கூடாதும்மா. நகம் பட்டா தண்டு கறுத்துப் போகும்" என்று சொல்லி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே துளிரைப் பிடித்து லேசாகத் திருப்பினார். சொடக்கென்று ஒடிந்தது. இரண்டு இலை, ஒரு மொட்டு. என் கையில் அது நசுங்கி வந்தது. அவர் கைக்குச் செடியைப் பார்க்கவே வேண்டியிருக்கவில்லை. முகம் என்னோடு பேசிக்கொண்டிருந்தது, இரண்டு கைகளும் தனித்தனியே செடிமேல் ஓடின. உள்ளங்கை நிறைந்ததும் கூடை. இளந்துளிர் ஒடியும், முற்றிய தண்டு வளையும். கண்ணுக்குமுன் விரல் அதைச் சொல்லிவிடும் என்றார்.

இந்த ஒரு தகவலுக்காகவே மலையேறலாம். செவ்வந்தி இனி ஆவியைக் கண்ணால் அடையாளம் காணமாட்டாள். மூட்டத்தில் தன்முன் நிற்பவரின் மணிக்கட்டைத் தொடுவாள். உயிருள்ளது எது, உயிர்போல நடிப்பது எது என்று விரல் சொல்லும்.

பாட்டி கவ்வாத்து பற்றியும் நிறையச் சொன்னார். தேயிலையைத் தன் போக்கில் விட்டால் அது மரமாகிவிடும். இரண்டு ஆள் உயரத்துக்கும் மேலே போகும். மூன்று நான்கு ஆண்டுக்கு ஒருமுறை கவ்வாத்துக் கத்தியால் கிளைகளைச் சீவி இடுப்பளவில் நிறுத்துகிறார்கள். கவ்வாத்து செய்த காடு முதல் வாரங்களில் வெறும் குச்சிகளாக நிற்கும், பார்க்கவே மனம் கேட்காது. பிறகு அந்தக் கட்டைகளில் மறுபடி பச்சை அரும்பும். 1930-களில் நட்ட செடிகள் இன்னும் கொழுந்து தருகின்றன. அடிமரம் மட்டும் தடித்து முறுக்கேறி, பாறை இடுக்கில் நிற்கிறது. தொண்ணூறு ஆண்டாக மரமாக விடாமல் வைத்த மரம்! பாட்டிக்கு இது சாதாரணச் செய்தி. எனக்கோ நாவலின் நடுப்பகுதி முழுவதும் அங்கேயே கிடைத்துவிட்டது.

நிறுவையைப் பற்றிப் பேசும்போது மட்டும் அவர் குரல் மாறியது. காலைப்பனியில் பறித்த கொழுந்து ஈரமாக இருக்கும். அந்த ஈரத்துக்கென்று எடையில் கழிப்பார்கள். எவ்வளவு கழிப்பது என்பது தராசு பிடிப்பவர் கையில். தோட்டத்து எழுத்தரான கிராணி குறித்துக்கொள்ளும் எண்ணைப் பாட்டி தானும் மனத்துக்குள் கூட்டிக்கொண்டே வருவாராம். எழுதப் படிக்கத் தெரியாது, ஆனால் மாதக் கடைசியில் கணக்கு ஒரு கிலோ பிசகினாலும் கேட்டுவிடுவார். ஆயாக் கொட்டகையில் பிள்ளையை விட்டுவிட்டு விடியற்காலையில் பெயர் கூப்பிடும் பிரட்டுக்கு ஓடிய காலம், காலில் அட்டை ஏறிய காலம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு அவர் பெருமையோடு சொன்னது அந்தக் கணக்கைத்தான்.

மூட்டத்தைப் பற்றிக் கேட்டேன். "காட்டுக்குள்ள யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடமாட்டோம். நம்ம பேர அது தெரிஞ்சுக்கக் கூடாதில்ல?" என்றார். அது என்றால் என்ன என்று அவரும் சொல்லவில்லை, நானும் வற்புறுத்தவில்லை. மலாய்க்காரர்களும் இதே கட்டுப்பாட்டைச் சொல்வார்கள். கண்ணுக்குத் தெரியாத ஓராங் பூன்யான்கள் ஆளை அழைத்துப் போய்விடுவார்கள் என்பது அவர்கள் நம்பிக்கை. தோட்டத்தில் முனியாண்டியும் மதுரைவீரனும் எல்லையில் காவல் நின்றார்கள். ஒரே மூட்டத்துக்குள் இத்தனை பேர் இருக்கிறார்கள். வெளியுலகம் இந்த மலையின் மர்மம் என்றால் ஒரே ஆளைத்தான் நினைக்கிறது: பட்டு வணிகர் ஜிம் தாம்சன், 1967 மார்ச் 26 அன்று தானா ராத்தா பங்களாவிலிருந்து நடக்கப் போனவர், திரும்பவேயில்லை. அவரைப் பற்றிப் புத்தகங்கள் இருக்கின்றன.

சுங்கை பாலாஸ் தொழிற்சாலையில் மிச்சக் கதையைப் பார்த்தேன். பறித்த இலையை நீளத் தொட்டிகளில் வலைமேல் பரப்பி, கீழிருந்து காற்று விட்டு வாட்டுகிறார்கள். பொதுவாக இதற்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேலாகும். அனுபவசாலிகள் ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பார்ப்பார்கள். கையைத் திறந்ததும் இலை விறைத்து விரிந்தால் இன்னும் வாடவில்லை. உருண்டையாக நின்றால் பக்குவம். பிறகு உருட்டல். இலையின் சாறு வெளிவந்து காற்றுப் பட்டதும் பச்சை செம்பு நிறமாகிறது, பச்சை வாசனை போய்ப் பழ வாசனை வருகிறது. சரியான கணத்தில் சூட்டுக்குள் அனுப்பி நிறுத்த வேண்டும். கொஞ்சம் பிந்தினால் சுவை மந்தமாகிவிடும். ஏறக்குறைய ஐந்து கிலோ பச்சைக் கொழுந்து ஒரு கிலோ தேயிலையாகிறது. உலர்த்தி, சலித்து, காம்பைப் பிரித்து, அளவுவாரியாக வகைப்படுத்துகிறார்கள். இவ்வளவும் முடிந்தபின் சுவைப்பவர் வருகிறார். சர்வதேசத் தர முறைப்படி 100 மில்லி நீருக்கு 2 கிராம் தேயிலை, ஆறு நிமிடம். கரண்டியில் எடுத்து ஓசையோடு உறிஞ்சி, நாக்கில் உருட்டித் துப்பிவிடுவார். அந்த ஓசை செவ்வந்திக்கு வேண்டும். ஆற்றங்கரைக் கடையில் அவள் டீ உறிஞ்சும் ஓசை கேட்டு ஒரு ஆவி தன் வீட்டை நினைவுகூரும் அத்தியாயத்தை அன்றிரவே எழுதினேன்.

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தை உலக வாசகர்களுக்குக் காட்டியவர் தான் துவான் எங். 2012-ல் வந்த அவருடைய 'தி கார்டன் ஆஃப் ஈவினிங் மிஸ்ட்ஸ்' நாவலின் நாயகி யுன் லிங், ஜப்பானியச் சிறைமுகாமில் தப்பிப் பிழைத்து நீதிபதியானவள். புக்கர் பரிசின் இறுதிப் பட்டியலுக்குப் போன நாவல், மான் ஆசிய இலக்கியப் பரிசு பெற்றது. அருமையான படைப்பு, அதை மதித்துத்தான் சொல்கிறேன், அதில் கொழுந்து பறிக்கும் தமிழ்ப் பெண்கள் தூரத்துச் சரிவில் நகரும் நிறங்களாகத்தான் எனக்குத் தெரிந்தார்கள். இலங்கை மலையகத்துக்குக் கோகிலம் சுப்பையாவின் 'தூரத்துப் பச்சை' இருக்கிறது. வால்பாறைக்கு பி. எச். டேனியலின் 'ரெட் டீ' இருக்கிறது, இரா. முருகவேள் அதை 'எரியும் பனிக்காடு' என்று தமிழாக்கினார். இரண்டிலும் பெண்ணின் துயரம் நெஞ்சை அறுக்கும். மலேசியத் தமிழ்ப் புனைவோ பெரும்பாலும் பால்மரக் காட்டிலேயே நின்றது. தேயிலை மலை எட்டாத உயரத்தில் இருந்துவிட்டது.

எனக்கு அந்தப் பெண் துயரத்தின் உருவமாக மட்டும் வேண்டாம். விரலால் தரம் பார்த்தவள், எழுத்து தெரியாமல் கணக்கு வைத்தவள், மூட்டத்தில் வழி கண்டவள். இவ்வளவு அறிவு உள்ளவளிடமிருந்து ஒரு பேத்திக்கு மாயசக்தி வருவதை வாசகர் தயக்கமில்லாமல் நம்புவார். பட்டறையில் மெர்சி நிற்பதுபோல என் செவ்வந்தி தன் பாட்டியின் நிரையில் நிற்க வேண்டும்.

அந்தப் பாட்டிகள் இப்போது எண்பதைத் தொட்டுவிட்டார்கள். கையால் பறித்த தலைமுறை அவர்களோடு முடிகிறது. உங்கள் வீட்டில் கேமரனிலோ வேறெந்தத் தோட்டத்திலோ கொழுந்து பறித்தவர் இருந்தால், அடுத்த விடுமுறையில் கைப்பேசியின் ஒலிப்பதிவை அழுத்தி அவர் பக்கத்தில் உட்காருங்கள். எந்தக் காட்டில் வேலை, யார் மண்டோர், எல்லையில் எந்தச் சாமி, மூட்டம் இறங்கினால் என்ன செய்வார்கள் என்று கேளுங்கள். விரலைக் காட்டச் சொல்லுங்கள். எழுதுபவர்கள் எங்களுக்கு அது போதும்.