சாக்பீஸ் யார் கையில்?

பி.காம். படித்த என் தலைமுறைக்குக் கம்ப்யூட்டர் என்றால் முதலில் லோட்டஸ் 1-2-3தான். கறுப்புத் திரை, கட்டம் கட்டமாக எண்கள். ஒரு கட்டத்தில் வட்டி விகிதத்தை மாற்றினால், கண்மூடித் திறப்பதற்குள் பன்னிரண்டு மாதக் கணக்கும் மாறி நிற்கும். லெட்ஜரோடு மாரடித்தவனுக்கு இது மாயாஜாலம். ஆனால் அந்த வேகத்துக்குப் பின்னால் ஓர் அத்துமீறல் இருந்தது.

ஓர் ஆபீஸைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். சுவரில் கரும்பலகை. அதில் எழுத வேண்டுமானால் பியூனிடம் சீட்டு கொடுக்க வேண்டும். ஏறக்குறைய எழுத்துக்கு ஒரு சீட்டு. அவர் ஹெட்கிளார்க்கிடம் போவார். ஹெட்கிளார்க் சாவகாசமாக ஓர் எழுத்தை எழுதிவிட்டு, 'அடுத்தது?' என்பார். 1981-ல் ஐ.பி.எம். பி.சி.யோடு வந்த டாஸ்தான் அந்த பியூன். மெஷினுக்குள்ளேயே பொதிந்திருக்கும் பயாஸ், ஹெட்கிளார்க். திரையில் 80 எழுத்து அகலம், 25 வரி. மொத்தம் 2,000 எழுத்துகள். பக்கம் மாறுவதற்குள் ஒரு டீ குடித்துவிடலாம்.

லோட்டஸ் என்ன செய்தது? சாக்பீஸைத் தானே எடுத்துக்கொண்டது. கலர் திரையென்றால் பி8000 என்ற முகவரியில் 4,000 பைட். எழுத்துக்கு ஒன்று, நிறத்துக்கு ஒன்று. அங்கே எழுதினால் அடுத்த கணம் திரையில் தெரியும். பியூனும் வேண்டாம், சீட்டும் வேண்டாம்.

பியூனால் ஒரு பெரிய உபகாரம் உண்டு. போர்டு எங்கே மாட்டியிருக்கிறது என்று அவருக்குத் தெரியும். வேறு கம்பெனி மெஷினில் போர்டு வேறு சுவரில் இருந்தாலும் உங்கள் சீட்டு செல்லும். லோட்டஸுக்குத் தெரிந்ததோ ஒரே சுவர்.

இதற்கு முன்பே கான்டெக்ஸ்ட் எம்.பி.ஏ. என்று ஒரு நல்ல பிள்ளை இருந்தது. பல மெஷின்களில் ஓடும்படி பாஸ்கலில் எழுதப்பட்டது. ஆமை வேகம். 1983 ஜனவரியில் லோட்டஸ் வந்தது. முதல் வருட விற்பனை 5.3 கோடி டாலர். நல்ல பிள்ளையை ஊர் மறந்தது.

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. மெஷின்கள் லோட்டஸுக்கு வளைந்துகொடுக்க ஆரம்பித்தன. டாண்டி 2000 என்ற மெஷின் ஐ.பி.எம்.மைவிட வேகமான ஆசாமி, டாஸும் ஓடும். ஆனால் கடையில் வாங்கிய சாதா லோட்டஸ் ஓடாது. அதற்கென்று தனிப் பதிப்பு வேண்டும். 'லோட்டஸ் ஓடுமா?' என்பதே கடையில் முதல் கேள்வியாகிவிட்டது. ஓடும் என்று சொன்ன காம்பேக் பிழைத்துக்கொண்டது. 640கே-க்கு மேலே மாட்டிய அந்த போர்டை யாராலும் நகர்த்த முடியவில்லை. மெமரி மலிவான பிறகும் டாஸ் புரோகிராம்கள் அந்த 640கே-க்குள்ளேயே முட்டி மோதின.

காமர்ஸில் இதற்கு ஒரு பெயர் உண்டு: கன்டின்ஜென்ட் லயபிலிட்டி. வரலாம், வராமலும் போகலாம் என்கிற கடன். பாலன்ஸ் ஷீட்டில் சேராது; அடிக்குறிப்பில் பொடி எழுத்தில் இருக்கும். இங்கே அது வந்தேவிட்டது. சி மொழியில் திருப்பி எழுதிய லோட்டஸ் தாமதமாகி 1989-ல்தான் வெளிவந்தது. 1990-ல் விண்டோஸ் 3.0 சாக்பீஸைத் தன் கையில் வாங்கிக்கொண்டது. லோட்டஸின் விண்டோஸ் பதிப்பு வந்தது 1991-ல். 1987-லிருந்தே எக்செல் அங்கே துண்டு போட்டு உட்கார்ந்திருந்தது. வேறு காரணங்களும் உண்டுதான். 2013-ல் ஐ.பி.எம். 1-2-3 விற்பனையை நிறுத்தியது.

முறைப்படி நடந்தது சீக்கிரமே போய்ச் சேர்ந்தது. மீறியது முப்பது வருடம் வாழ்ந்தது. அவசரப்பட்டு நீதி எதுவும் எடுத்துவிடாதீர்கள்.

1987-ல் வந்த டர்போ பாஸ்கல் 4.0-ல் 'டைரக்ட்வீடியோ' என்று ஒரு சுவிட்ச் இருந்தது. போட்டால் போர்டில் நேரே எழுதும். அணைத்தால் ஹெட்கிளார்க் வழியாகப் போகும். புரோகிராமில் மாற்ற வேண்டியது ஒரே ஒரு வரி. சாக்பீஸை எடுப்பது குற்றமில்லை. போர்டு இருக்கும் இடத்தை நூறு இடத்தில் எழுதிவைக்காமல், ஒரே இடத்தில் எழுதிவைத்தால் போதும்.